வட்டம் போட பட்டன் எதற்கு?

கிம்ப் மென்பொருளை முதல்முறை திறக்கிற ஆள் பத்து நிமிடத்துக்குள் கேட்டே தீரும் கேள்வி: "ஏங்க, இதுல வட்டம் எங்க இருக்கு?" பெட்டி நிறைய கருவி இருக்கும். தூரிகை இருக்கும், பென்சில் இருக்கும், அழிப்பான் இருக்கும், முகத்தில் இருக்கும் பருவை மறைக்கிற சாமான்கூட இருக்கும். வட்டம், சதுரம், முக்கோணம் போடுகிற பட்டன் மட்டும் இருக்காது. விண்டோஸோடு ஓசியில் வருகிற பெயின்ட்டில்கூட இருக்கிற சமாச்சாரமாச்சே என்று கடுப்பாகி, அன்றைக்கே அதைத் தூக்கிக் கடாசியவர்கள் எங்கள் ஆபீஸிலேயே நாலு பேர் உண்டு.

என் கட்சி வேறு. அந்த பட்டன் இல்லாததுதான் அதன் பெரிய சிறப்பு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், வட்டம் சதுரத்தை இந்த மென்பொருளில்தான், இந்தச் சுற்று வழியில்தான், அதுவும் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டேதான் போட வைக்க வேண்டும் என்பேன். நம்மைப் போல ஊரை விட்டு வந்து புனேயிலும் நொய்டாவிலும் அகமதாபாத்திலும் குப்பை கொட்டுகிற குடும்பங்களுக்கு இது டபுள் லாபம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் தொழில்நுட்பம். கிம்ப் 1995-ல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் ஆரம்பித்தது. 1996-ல் வெளியே வந்தது. 2025 மார்ச்சில் 3.0 வந்தது. இவ்வளவு காலத்திலும் கருவிப்பெட்டிக்குள் வட்டப் பட்டன் வரவில்லை. அது அடிப்படையில் புகைப்படம் திருத்துகிற மென்பொருள். (ஃபில்டர் மெனுவுக்குள்ளே ஜிஃபிக் என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. அதில் வட்டம், பலகோணம், நட்சத்திரம் எல்லாம் உண்டு. பிள்ளைகளிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள்!)

அப்புறம் எப்படித்தான் போடுவது? நீள்வட்டத் தேர்வுக் கருவியை எடுத்து மவுஸை அழுத்தி இழுக்க வேண்டும். இழுக்க ஆரம்பித்த பிறகு ஷிப்ட்டை அழுத்தினால் அகலமும் உயரமும் சமமாகி, நீள்வட்டம் வட்டமாகும். எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு புள்ளிக்கோடு சுற்றிச் சுற்றி ஓடும். இன்னும் படத்தில் எதுவுமே வரையப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். "இந்த எல்லைக்குள் வேலை செய்யப் போகிறேன்" என்று வேலி மட்டும் போட்டிருக்கிறோம். எடிட் மெனுவில் போய் வண்ணத்தை நிரப்பினால் தட்டு மாதிரி வட்டம். அதே வேலி மேல் கோடு இழுக்கச் சொன்னால் வளையல் மாதிரி வட்டம்.

இங்கேதான் பிள்ளைக்கு முதல் கேள்வி வருகிறது. வட்டம் என்பது உள்ளே இருக்கிற பரப்பா, வெளியே இருக்கிற கோடா? பெயின்ட்டில் பட்டனை அமுக்கினால் இந்தக் கேள்வியே வராது. கிம்ப்பில் நிரப்புவதா, கோடு போடுவதா என்று முடிவு எடுத்தால்தான் படம் வரும்.

ஷிப்ட் சமாச்சாரத்தில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. மவுஸை அழுத்துவதற்கு முன்பே ஷிப்ட்டைப் பிடித்தால் பொருள் வேறு: பழைய வேலியோடு புதிய வேலியைக் கூட்டு என்று அர்த்தம். கன்ட்ரோலை முன்பே பிடித்தால் கழி. இழுக்க ஆரம்பித்த பிறகு பிடித்தால், தொட்ட இடத்தை மையமாக வைத்து நாலு பக்கமும் விரி. இரண்டையும் முன்பே பிடித்தால் இரண்டு வேலிக்கும் பொதுவான இடம் மட்டும் மிஞ்சும். பெரியவர்களுக்கு இது தலைவலி. பத்து வயசுக்கு வீடியோ கேம். கஷ்டமாக இருந்தால் கருவியின் அமைப்புப் பகுதியில் கூட்டு, கழி, பொது மூன்றுக்கும் தனித்தனியே குட்டிப் படங்கள் இருக்கின்றன, அதைத் தொட்டுக்கொள்ளலாம்.

கூட்டு, கழி, பொது. ஒரு வட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி இன்னொரு வட்டத்தைக் கழித்தால் பிறை. நடுவிலேயே சின்ன வட்டத்தைக் கழித்தால் மோதிரம். சதுரத்தின் தலையில் பாதி வட்டத்தைக் கூட்டினால் ஜன்னல் வளைவு. இரண்டு வட்டத்தின் பொது இடத்தை எடுத்தால் வில்லை. இந்தக் கடைசி விஷயத்தைப் பள்ளிக்கூடத்தில் வென் படம் என்று தனியாக நடத்துவார்கள். என்னைப் போலத் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்குச் சேர்ப்புக் கணம், வெட்டுக் கணம் என்று எங்கேயோ மூளையின் பரணில் கிடக்கும்.

பரண் என்றதும்தான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் (உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்) பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியும். என்ன தமிழ்? சாப்பிடு, குளி, சீக்கிரம் கிளம்பு, டிவியை நிறுத்து, தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு. அடுக்களையிலிருந்து படுக்கையறை வரைக்கும் தமிழ் நடமாடும். படிப்பு மேஜைப் பக்கம் வந்ததும் அது செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிடும். கணக்கு என்றால் இங்கிலீஷ். இந்த ஊர்ப் பள்ளியில் மராத்தியும் உண்டு. வர்துள், சௌரஸ், த்ரிகோண், ஆயத் என்று என் மகள் மூச்சுவிடாமல் சொல்வாள். ஆரம் என்று ஒரு சொல் நம்மிடம் இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிய எங்கே வாய்ப்பு? நானும் அவள் அம்மாவும் கடைசியாக 'ஆரம்' என்று உச்சரித்தது நகைக்கடையிலாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகள் பல ஊர்களில் நடக்கின்றன. நடத்துகிறவர்களுக்குக் கோயில் கட்டலாம். ஆனால் அங்கே இருக்கிற ஒன்றரை மணி நேரத்தில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் ஆத்திசூடியும் சொல்லித்தரவே சரியாக இருக்கிறது. மொழி ஒரு பாடமாக இருக்கிறதே தவிர, ஒரு வேலையைச் செய்து முடிக்கிற சாதனமாக இல்லை. ஒரு சொல் பிள்ளை வாயில் நிற்க வேண்டுமானால், அந்தச் சொல் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது என்கிற நிலைமை வர வேண்டும். கிம்ப்பில் வட்டம் போடும்போது அந்த நிலைமை தானாக வருகிறது. "மையத்துல இருந்து இழு கண்ணு", "ஆரம் இருநூறுன்னா விட்டம் எவ்வளவு?", "விளிம்பை விட்டு உள்ள தள்ளு", "இப்ப கழி", "அது நீள்வட்டம், வட்டம் இல்ல, ஷிப்ட் எங்க?" பட்டனை ஒரு தடவை அமுக்கினால் வட்டம் வந்துவிடுகிற மென்பொருளில் இந்தப் பேச்சுக்கே வேலை இல்லை. சுற்று வழி என்பதால்தான் பேச வேண்டியிருக்கிறது. பேசினால் சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன.

ஒரு கணக்கு சொல்கிறேன், இந்த வாரக் கடைசியில் செய்து பாருங்கள். 800-க்கு 600 என்று புதுப் படம் திறங்கள். நீள்வட்டத் தேர்வின் அமைப்பில் இடம், அளவு இரண்டையும் எண்ணாகவே கொடுக்கலாம். இடம் 100, 100. அளவு 400, 400. ஒரு வட்டம் வந்துவிட்டது. மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து இடம் 300, 100. அளவு அதேதான். இதற்கும் கோடு. முதல் வட்டத்தின் மையம் 300, 300-ல் இருக்கிறது. இரண்டாவதன் மையம் 500, 300. ஒன்றின் விளிம்பு மற்றதன் மையத்தைத் தொட்டுக்கொண்டு போகும். இரண்டு வட்டமும் மேலே வெட்டிக்கொள்கிற புள்ளியைப் பாருங்கள், 400, 127-க்குப் பக்கத்தில் இருக்கும். பென்சிலை எடுத்து ஒரு மையத்தில் ஒரு சொடுக்கு, ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த மையத்தில் ஒரு சொடுக்கு, அப்படியே மேல்புள்ளியில், மறுபடி முதல் மையத்தில். சமபக்க முக்கோணம் ரெடி.

"மூணு பக்கமும் எப்படிப்பா சமமா வந்துச்சு?" என்று பிள்ளை கேட்கும். "மூணுமே ஆரம்தான கண்ணு." அவ்வளவுதான் பதில். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிய நூலின் முதல் புத்தகத்தில் முதல் கணக்கே இதுதான். அதை நடுவீட்டில், நாலு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு முடித்துவிடலாம்.

நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது இதையெல்லாம் கவராயத்தையும் மினி டிராஃப்டரையும் வைத்துக்கொண்டு செய்தோம். என் அப்பா கோயம்புத்தூரில் பவுண்டரிகளுக்கு மரத்தில் அச்சு செய்து கொடுக்கிற ஆசாரியாக இருந்தவர். பம்ப்பு செட்டின் உடம்பு எந்த வடிவத்தில் வார்க்கப்பட வேண்டுமோ அந்த வடிவத்தை முதலில் மரத்தில் செய்வார்கள். பெரிய வட்டம் போட அவருக்கு ஓர் ஆணி, ஒரு நூல், ஒரு பென்சில் போதும். பேத்தியிடம் அவர் வீடியோவில் பேசுவது வழக்கமாக இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சாப்பிட்டியா சாமி, சாப்பிட்டேன் தாத்தா, பள்ளிக்கூடம் போனியா, போனேன், அப்பாகிட்ட குடு. பிறை, மோதிரம் எல்லாம் போட ஆரம்பித்த பிறகு ஒருநாள் அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "மையமே தெரியாத ஒரு வட்டப் பலகை குடுத்தா, மையத்தை எப்படிக் கண்டுபிடிப்ப?"

அவள் கிம்ப் பாணியில் சொன்னாள்: வட்டத்தைச் சுற்றி ஒட்டினாற்போல ஒரு சதுரம் போடணும், அகலத்துல பாதி, உயரத்துல பாதி. "அது உன் கம்ப்யூட்டருக்குச் சரி. மரத்துக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் தன் மூலைமட்டத்தைக் கொண்டு வந்து காட்டினார். மூலைமட்டத்தின் முனையை வட்டத்தின் விளிம்பில் எங்கேயாவது வைக்க வேண்டும். இரண்டு கைகளும் விளிம்பை எங்கே வெட்டுகின்றனவோ அந்த இரண்டு புள்ளியையும் சேர்த்தால் அது விட்டம். முனையை வேறு இடத்தில் வைத்து இன்னொரு விட்டம். இரண்டும் வெட்டிக்கொள்கிற இடம் மையம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று ஒன்பதாம் வகுப்பில் தேற்றமாகப் படித்தோமே, அதேதான். ஒரு தேற்றத்தின் பெயரும் தெரியாமல் அவர் வாழ்நாள் முழுக்க அதில் சோறு சாப்பிட்டிருக்கிறார். அன்றைக்குப் பேச்சு இருபத்தைந்து நிமிடம் ஓடியது. விட்டம், மையம், விளிம்பு, செங்கோணம் என்று இந்தப் பக்கமிருந்தும் தமிழ் போனது.

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். ஆபீஸில் மதுரைக்கார நண்பர் ஒருவர், "என்னண்ணே இது, செயற்கை நுண்ணறிவுகிட்ட ஒரு வரி சொன்னா படமே வந்துருது, நீங்க இன்னும் ஷிப்ட் கன்ட்ரோல்னு..." என்று சிரிக்கிறார். வரட்டும். வந்த படத்தில் அந்த வட்டத்தின் ஆரம் என்ன, மையம் எங்கே, இதை ஏன் இங்கே வைத்தாய் என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது. படம் தேவைப்படுகிற இடத்தில் படத்தை எப்படி வேண்டுமானாலும் வரவழைத்துக்கொள்ளுங்கள். இங்கே நமக்குத் தேவை படம் இல்லையே.

இன்னொரு வாதம் கொஞ்சம் நியாயமானது. உருவம் வரைய கிம்ப் சரியான மென்பொருளே இல்லை, இங்க்ஸ்கேப் இருக்கிறதே என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். கிம்ப்பில் நிரப்பின வட்டம் வெறும் புள்ளிக்கூட்டம்தான். நாளைக்கு அதை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் விளிம்பு மங்கிப் பல்லிளிக்கும். இங்க்ஸ்கேப் வட்டத்தை வட்டமாகவே நினைவில் வைத்திருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை போகாது. கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, லோகோ எல்லாவற்றுக்கும் அதுதான். நானே தொழிலுக்குக் கிம்ப்பைத் தொடுவதில்லை, கேட் மென்பொருள்தான். ஆனால் பல்லிளிப்பதைப் பார்ப்பதும் ஒரு பாடம் என்கிறேன். விளிம்பை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டு, 20 புள்ளி அகலத்தில் ஒரு சின்ன வட்டம் போடச் சொல்லி, 800 சதவீதம் பெரிதாக்கிக் காட்டுங்கள். வட்டம் காணாமல் போய்ப் படிக்கட்டு நிற்கும். "அய்யே, இது வட்டமே இல்ல!" என்று பிள்ளை சொல்லும் பாருங்கள், அந்த இடத்துக்குக் காசு கொடுத்தாலும் வேறு வழியில் வர முடியாது. திரையில் உண்மையான வட்டம் என்று ஒன்று கிடையாது, எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை விடுவது என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கணக்குக்கும் சுவாரசியமான சரித்திரம் இருக்கிறது. ஐபிஎம்மில் வேலை பார்த்த பிரெசன்ஹாம், பெருக்கல் வகுத்தல் இல்லாமல் வெறும் கூட்டல் கழித்தலை வைத்தே சாய்கோட்டுக்கு எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று முடிவு செய்கிற முறையை 1965-ல் வெளியிட்டார். 1981-ல் ஆப்பிளின் பில் அட்கின்சன், வேகமாக வட்டம் வரைய ஒரு பழைய தந்திரத்தைப் பிடித்தார். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண்கள் வரும். 1, 1+3=4, 1+3+5=9, 1+3+5+7=16. வர்க்கமூலம் பக்கமே போகாமல் வட்டம் போட்டுவிட்டார். அதைக் காட்டியபோது ஸ்டீவ் ஜாப்ஸ், அதெல்லாம் சரி, மூலை மழுங்கின செவ்வகம் எங்கே என்று கேட்டாராம். தெருவில் கூட்டிக்கொண்டு போய் பார்க்கிற இடமெல்லாம் அந்த வடிவம் இருப்பதைக் காட்டினாராம். ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதி வைத்திருக்கிறார். (கிம்ப்பின் செவ்வகத் தேர்விலும் மூலையை மழுக்கும் வசதி உண்டு. ஒருநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் தெருவிலும் எண்ணிப் பாருங்கள். பஸ் ஜன்னலில் ஆரம்பிக்கலாம்.)

நம் ஊர்ப் பங்கும் இந்தத் துறையில் இல்லாமல் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, புள்ளிக் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிய ஆய்வுக் கட்டுரையை 1974-ல் ஒரு கணினி வரைகலை ஆய்விதழில் வெளியிட்டார்கள். அம்மாக்கள் வாசலில் போடுகிற சமாச்சாரம் இது. வாசலே இல்லாத ஒன்பதாவது மாடியில் கோல ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு இருக்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும். கிம்ப்பின் கட்டங்களைக் காட்டும் வசதியைப் போட்டு, கட்டத்தோடு ஒட்டச் செய்துவிட்டால், ஐந்து புள்ளி வைத்து நேர்கோட்டுக் கோலம் போட என் மனைவிக்கு இரண்டு நிமிடம் ஆகவில்லை. சிக்குக் கோலம் மவுஸுக்கு அடங்காது, அதற்குக் கோலமாவுதான்.

பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர மாட்டார்களா என்று கேட்பீர்கள். சொல்லித்தருகிறார்கள். எப்படி? "செவ்வகம் வரையும் படிகளை எழுதுக, 3 மதிப்பெண்." அந்தக் கருவியைச் சொடுக்கு, இழு, விடு. இதை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிற கொடுமையை என் கண்ணாலேயே பார்த்தேன். கேரளத்தில் அரசுப் பாடத்திட்டத்திலேயே கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். மற்ற ஊர்களில் பிராஜெக்ட் என்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நாற்பது ரூபாய்க்கு ரெடிமேடாக அச்சடித்துத் தந்துவிடுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு "நாளைக்குக் கொண்டு போகணும்" என்று பிள்ளை வந்து நிற்கும்போது நாமும் அங்கேதான் ஓடுகிறோம். தாத்தா பாட்டி, மாமா, சித்தப்பா என்று உட்கார்ந்து செய்து கொடுக்க இங்கே யார் இருக்கிறார்கள்? அதனால்தான் அவசரம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எந்தப் பிராஜெக்டுக்காகவும் இல்லாமல் ஆரம்பியுங்கள் என்கிறேன். ஐந்து ஆறு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம், டக்ஸ் பெயின்ட் போதும். அதில் உருவங்களுக்குப் பட்டன் இருக்கிறது, அந்த வயசுக்கு பட்டன் தப்பில்லை.

கிம்ப்புக்குக் காசு கிடையாது. திருட்டு ஃபோட்டோஷாப் தேடி வைரஸை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டியதும் இல்லை. அமைப்புகளில் இடைமுகம் பகுதியில் மொழியை மாற்றினால் மெனுவே தமிழில் வரும். எங்கள் வீட்டில் இப்போது ஐங்கோணத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். 360-ஐ ஐந்தால் வகுத்தால் 72, ஆரக்கோட்டை 72 டிகிரி திருப்பித் திருப்பி வைத்தால் வந்துவிடும் என்பது மகளின் யோசனை. கவராயத்தால் மட்டுமே போட வேறு வழி இருக்கிறது என்று தாத்தா அங்கே அட்டையில் போட்டு வைத்திருக்கிறாராம். சனிக்கிழமை காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.